மருது பக்கமா, படமாத்தூர் பக்கமா? 1801-இல் வாழ்ந்த முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு

மேலூர், திருப்பத்தூர், காளையார்கோயில், மானாமதுரைப் பக்கம் வம்சம் தேடக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "எங்க பூட்டனுக்குப் பூட்டன் மருது பாண்டியரோட நின்னவரா, கும்பினியோட நின்னவரா?" 1801-இல் சிவகங்கைச் சீமையை நடத்திய மருது சகோதரர் கும்பினியை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியை, எதிர்த்துப் போட்ட சண்டையைப் பற்றிய கேள்வி இது. கேள்வியை இப்படியே பிடித்துக்கொண்டு தேடினால் பல குடும்பங்களுக்கு இரண்டுக்குமே காகிதம் கிடைக்கும். அப்புறம் பிடித்த காகிதம் சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்கும், பிடிக்காதது பெட்டிக்கு அடியில் போகும். இரண்டையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பொருத்த முடியும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சிவகங்கைச் சீமையின் முப்பது வருடக் கணக்கைப் பாருங்கள். 1772 ஜூன் 25 அன்று காளையார்கோயிலில் சிவகங்கை அரசர் முத்துவடுகநாதர் சண்டையில் விழுந்தார். அடுத்த எட்டு வருடம் சீமை ஆற்காடு நவாபின் கையில். அரசரின் மனைவி வேலு நாச்சியார் விருப்பாச்சிப் பக்கம் தங்கி, ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு படிப்படியாக நிர்வாகம் முழுவதும் மருது சகோதரர் கைக்குப் போனது. 1801 செப்டம்பரில் கும்பினியார் படமாத்தூர் கௌரி வல்லவ உடையத் தேவரைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். 1750-இல் பிறந்த ஒரு சேவகர் தன் ஐம்பத்தோரு வயதுக்குள் முத்துவடுகநாதர், நவாபு, நாச்சியார், மருது, கௌரி வல்லவர் என்று ஐந்து இடத்து உப்பைத் தின்றிருக்கலாம். அதுவும் சொந்த ஊர்க் கண்மாய்க் கரையை விட்டு ஓரடி நகராமலே. அவரிடம் இருந்தது ஜீவித நிலம். அந்த நிலம் எந்தச் சீமையில் இருந்ததோ, அந்தச் சீமையை ஆண்டவருக்கு ஆயுதம் எடுப்பதுதான் நிலத்துக்கான கடன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கௌரி வல்லவர் பக்கம் போன எல்லோரும் வெள்ளைக்காரன் பக்கம் போவதாக நினைத்துக்கொண்டு போகவில்லை. மருது சகோதரர் அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்ல. அவர்கள் முன்னிறுத்திய வேங்கன் பெரிய உடையத் தேவர், நாச்சியாரின் மகளை மணந்தவர். கௌரி வல்லவரோ உடையத் தேவர் வழியிலேயே வந்த வாரிசு என்று உரிமை கொண்டாடினார். அரண்மனை வம்சத்துக்குத்தான் விசுவாசம் என்று வளர்ந்த ஓர் அம்பலகாரருக்கு (ஊர்த் தலைவருக்கு), படமாத்தூர் பக்கம் சாய்வது பழைய விசுவாசத்தைக் காப்பதாகக்கூடத் தெரிந்திருக்கும். இன்று மேடையில் 'துரோகி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். காகிதம் தேடுகிறவருக்கு அந்தச் சொல் ஒரு உதவியும் செய்யாது.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில், எந்த நிலத்துக்காக, யாரிடம் சேவகம்? இந்த மூன்றையும் சேர்த்துக் காட்டாத ஆதாரத்தை வைத்துப் பக்கம் தீர்மானிக்க வேண்டாம்.

தலைமுறைக் கணக்கு முதலில்

ஏடும் காகிதமும் தொடுவதற்கு முன் ஒரு கூட்டல் கழித்தல். நீங்கள் 1980-இல் பிறந்தவர் என்றால், 1801-இல் முப்பது வயதில் வேல் பிடித்தவர் 1771-இல் பிறந்தவர். நடுவில் 209 வருடம். தலைமுறைக்கு 28 வருடம் வைத்தால் ஏழு, எட்டுத் தலைமுறை. வீட்டில் "ஐயாவுக்கு ஐயா மருதுவோட இருந்தார்" என்று சொன்னால் அது நாலே தலைமுறை, 1860-களில் போய் நிற்கும். கதை பொய் என்று அர்த்தமில்லை. நடுவில் மூன்று நான்கு பேர் விழுந்துபோயிருக்கிறார்கள்.

விழுவதற்குக் காரணம் பெயர் வைக்கும் வழக்கம். பாட்டன் பெயர் பேரனுக்கு என்று போகும்போது, முத்துக்கருப்பன் மகன் பெரியசாமி, அவர் மகன் முத்துக்கருப்பன், அவர் மகன் பெரியசாமி என்று இரண்டே பெயர் ஏறி இறங்கும். நினைவில் நான்கு பேர் இரண்டு பேராக ஒட்டிக்கொள்வார்கள். 1801-இல் சண்டை போட்டவரையும் 1861-இல் இனாம் (மானிய நிலம்) விசாரணையில் சாட்சி சொன்ன அவர் பேரனையும் ஒரே ஆளாக்கி, "கும்பினிக்காரனிடம் கை கட்டி நின்றவர்" என்று முடிவு கட்டிய வம்சாவளிகள் நிறைய உண்டு. பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் தகப்பன் பெயரையும் மனைவி பிறந்த ஊரையும் எழுதி வையுங்கள். தகப்பன் பெயரும் ஒத்துப்போகும் இடங்களில் ஆளைப் பிரித்துக் காட்டுவது பெண் எடுத்த ஊர்தான்.

அடுத்தது வருடம். ஏட்டிலும் செப்பேட்டிலும் 'துன்மதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1741-42, 1801-02, 1861-62 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சக வருடம் கூட இருந்தால் 78 கூட்டுங்கள். சகம் 1723 என்றால் 1801. பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்றால் 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருடம் வரும். பசலி 1211 என்பது 1801 நடுவிலிருந்து 1802 நடுவரை. தெற்கே திருநெல்வேலி ஓலைகளில் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 825 அல்லது மாதத்தைப் பொறுத்து 824. ஒரே ஆவணத்தில் சகமும் வருஷப் பெயரும் இருந்து இரண்டும் ஒத்துவராவிட்டால், எழுதினவர் பிழை விட்டிருக்கலாம். பின்னாளில் யாரோ தயாரித்ததாகவும் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் நிலத் தகராறுகளுக்காகப் பழைய தேதி போட்டுச் செப்பேடு வெட்டிய வழக்கம் உண்டு. அந்தத் தேதியில் அந்த அரசர் உயிரோடு இருந்தாரா, அந்த விருதுப் பெயர் அப்போது புழக்கத்தில் இருந்ததா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பதைக் கெடுக்காமல் பார்ப்பது

செப்பேட்டை வெளியே எடுத்ததும் யாராவது புளியோடு ஓடி வருவார்கள். தடுத்து விடுங்கள். புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கும், ஓரத்து எழுத்து போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து, நான்கு திசையிலும் ஒவ்வொரு படம் எடுத்தால் போதும். ஓலைக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவ வேண்டாம். மங்கின ஓலைக்கு மை ஏற்றுவதைச் சுவடி நூலகத்தாரிடம் விடுவதே நல்லது.

படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை: புள்ளி இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும், துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றாக இருக்கும். எண்கள் தமிழ் எண்களாக, பின்னமும் கலந்து வரும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், அளவு இந்த மூன்றையும் முதலில் பிரித்துவிட்டால் மற்றது தானாக அவிழும்.

நிலக் காகிதம் வழியே பின்னோக்கி

கும்பினி ஆவணங்களில் நேரே குதிக்க வேண்டாம். சண்டை நடந்த வருடத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிலம்தான் பாலமாக நிரப்பும். இன்றைய பட்டா, சிட்டா, அ-பதிவேட்டில் தொடங்கி, பழைய சர்வே எண்ணைப் பிடித்து, செட்டில்மென்ட் பதிவேட்டுக்குப் போங்கள். சிவகங்கை ஜமீன் கிராமங்கள் 1948-ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் நேரடிக் கணக்கில் வந்தவை என்பதால் அந்த இடத்தில் நூல் அறும். மானிய நிலம் என்றால் 1963-ஆம் வருட மைனர் இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் செட்டில்மென்ட் தாசில்தார் போட்ட உத்தரவில் அதற்கு முந்தைய இனாம் பட்டய எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்தால் 1860-களின் இனாம் பதிவேட்டுக்கு ஒரே தாவல்.

இனாம் பதிவேடுதான் இந்தத் தேடலில் மிகச் சத்தான ஆவணம். நிலம் எவ்வளவு, யார் கொடுத்தது, எந்த வருடம், எதற்காக, முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிக்கிறவர் அவருக்கு என்ன உறவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். கொடுத்தவர் என்ற கட்டத்தில் நாச்சியார் பெயரோ மருது சேர்வைக்காரர் பெயரோ வந்தால் உங்கள் மூன்றில் ஒரு கேள்விக்கு விடை வந்தாயிற்று. 'உதிரப்பட்டி' என்று இருந்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் சண்டையில் விழுந்ததற்காகக் கொடுத்த நிலம். யாருக்காக விழுந்தார் என்பதை, கொடுத்தவர் யார் என்பதிலிருந்து ஊகிக்கலாம்.

ஆனால் இந்தப் பதிவேட்டை அப்படியே நம்பக் கூடாது. ஐம்பது வருடத்துக்கு மேல் அனுபவத்தில் இருந்தால் இனாம் செல்லும் என்பது அந்த விசாரணையின் விதி. அதனால் எல்லோரும் தேதியைப் பின்னுக்குத் தள்ளிச் சொன்னார்கள். கலகம் செய்தவர் என்று பெயர் எடுத்த ஒருவர் கொடுத்த மானியம் என்றால், கொடுத்தவரைச் சொல்லாமல் 'பூர்வீகம்' என்று விடுவதும் நடக்கும். இன்னொரு பொறி: சிவகங்கைக்கு நிரந்தர ஜமீன் பட்டயம் 1803-இல் வந்தது. அதற்குப் பிறகு ஜமீன்தார் தன் சொத்திலிருந்து கொடுத்தவை தர்மிலா இனாம். இவை இனாம் கமிஷன் கணக்கில் வராது, ஜமீன் கணக்கில்தான் இருக்கும். அதாவது கௌரி வல்லவர் தன் பக்கம் வந்தவர்களுக்கு 1803-க்குப் பிறகு கொடுத்த நிலத்தை இனாம் பதிவேட்டில் தேடிக் காணாமல், "எங்களுக்கு அவர் ஒன்றும் கொடுக்கவில்லை, ஆகவே நாங்கள் மருது பக்கம்" என்று சொல்ல முடியாது.

கலெக்டர் அலுவலகப் பதிவறையில் இருப்பதைக் கேட்க, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவே போதும். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. 'எங்கள் முன்னோர் பற்றிய தகவல்' என்று எழுதினால் 'இல்லை' என்று பதில் வரும். கிராமம், தாலுகா, சர்வே எண், இனாம் பட்டய எண், என்ன பதிவேடு என்று எழுதினால்தான் ஆள் எழுந்து போய் எடுப்பார்.

எந்த மாவட்டத்து மூட்டையில் இருக்கும்?

இங்கேதான் பலரும் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985-இல். அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம், அதுவே 1910-இல் பிறந்தது. 1910-க்கு முன் சிவகங்கைச் சீமை மதுரை மாவட்டத்தில். ஆனால் சண்டை நடந்த 1801-இல் சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பாளையங்கள் மூன்றுக்கும் பேஷ்குஷ் (கப்பம்) வாங்கும் கலெக்டராக இருந்தவர் லஷிங்டன். அதனால் 1801 முதல் 1803 வரையிலான சிவகங்கைக் கடிதங்கள் பல திருநெல்வேலி மாவட்டத் தொகுதிகளில் கிடக்கும். திண்டுக்கல், விருப்பாச்சி, பழனிப் பக்கம் என்றால் அப்போதைய கலெக்டர் ஹர்டிஸ் எழுதியவற்றைப் பார்க்க வேண்டும்.

மேல்மட்டக் கடிதங்கள் சென்னை எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். ராணுவ ஆலோசனை, வருவாய் ஆலோசனை, ரகசிய ஆலோசனை என்று, கவர்னர் சபை கூடிப் பேசியதன் பதிவுகள் வரிசை வரிசையாகத் தொகுதிகள். அட்டவணையில் கவர்னர், கர்னல், கலெக்டர் பெயர்கள் இருக்கும், உங்கள் ஊர் அம்பலகாரர் பெயர் இருக்காது. ஆகவே அதிகாரி பெயர், தேதி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். படை நடத்திய கர்னல் அக்னியூ, மேஜர் மெக்காலே இருவர் கடிதங்களும் முக்கியம். கடிதம் எழுதிய தேதிக்கும் அது ஆலோசனைத் தொகுதியில் ஏறும் தேதிக்கும் இடையே வாரங்கள் ஓடியிருக்கும். அக்டோபர் முதல் வாரச் சம்பவத்தை அக்டோபர் கடைசி, நவம்பர் தொகுதியிலும் தேடுங்கள். கடிதத்தைவிட அதோடு இணைத்து அனுப்பிய பட்டியலும் வாக்குமூலமும் ஒற்றர் செய்தியும்தான் ஊர்ப் பெயர்களைச் சுமந்து வருபவை. இணைப்பைக் கேட்காமல் திரும்ப வேண்டாம்.

முதல் நாளே அடையாள அட்டை, ஆய்வு நோக்கம் எழுதின கடிதம், மாணவர் என்றால் துறைத் தலைவர் கடிதம் கொண்டு போங்கள். உள்ளே பென்சில்தான். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் தொகுதி தரமாட்டார்கள், நுண்படச் சுருள் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காததில் சிலவற்றின் பிரதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் பிரிவில் இருக்கும், ஏனென்றால் சென்னையிலிருந்து ஆலோசனைகளுக்குப் படி எடுத்து அங்கே அனுப்பிவந்தார்கள்.

பெயர் எழுதியிருக்கும் விதம் தலையைச் சுற்றும். மருது 'மர்டூ' ஆகியிருப்பார், கட்டபொம்மு 'கட்டபோமியா நாய்க்', கள்ளர் 'காலரீஸ்', காளையார்கோயில் 'காலியர்கோயில்', சிவகங்கைச் சீமை சில இடங்களில் 'நால்கூட்டி', அதாவது நாலுகோட்டை. ஆள் பெயரைத் தேடுவதைவிட ஊர்ப் பெயரை ஆறேழு விதமாக ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடுவது சீக்கிரம் பலன் தரும். 'சேர்வைக்காரர்' என்று வந்தால் அது படைத் தலைவர் என்ற பதவியாகவே பல இடங்களில் வருகிறது. இன்றைய சாதிப் பட்டத்தோடு ஒட்டி உறவு கொண்டாடிவிட வேண்டாம். கும்பினிப் படையில் சிப்பாயாக இருந்தவர் என்றால், தனி ஆளின் பணிக் கணக்கு கிடைப்பது அரிது. வெள்ளை அதிகாரிகளுக்கு இருக்கிற மாதிரிச் சிப்பாய்களுக்கு இல்லை.

தேதியை வைத்துப் பக்கத்தைப் பார்ப்பது

1801-ஐ ஒரே வருடமாக நினைத்தால் எல்லாம் குழம்பும். பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது, அவர் சிறுவயலுக்கு வந்து மருதுவிடம் சேர்ந்தார். ஜூன் 16-இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அது கும்பினிப் படையில் சம்பளம் வாங்கும் சுபேதார், ஹவில்தார், சிப்பாய்களையும் பெயர் சொல்லி அழைத்தது. ஜூலை 31 உடன்படிக்கையோடு நவாபின் ஆட்சி உரிமை கும்பினிக்குப் போனது. ஆகஸ்ட் முழுவதும் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காடு வெட்டிப் பாதை போடப் பார்த்துத் தோற்றுப் பின்வாங்கினார். செப்டம்பர் 12-இல் சோழபுரத்தில் கௌரி வல்லவருக்குப் பட்டம். அக்டோபர் 1-இல் காளையார்கோயில் வீழ்ச்சி. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டார்கள்.

உங்கள் முன்னோரின் பெயர் வரும் காகிதம் இதில் எந்த இரண்டு தேதிக்கு நடுவில் விழுகிறது என்று பாருங்கள். ஆகஸ்டில் மருதுவோடு, செப்டம்பர் கடைசியில் படமாத்தூரோடு என்று இருந்தால் அதில் விந்தை ஒன்றும் இல்லை. சோழபுரத்துப் பட்டாபிஷேகமே அந்த ஆட்களை இழுப்பதற்காகச் செய்ததுதான், மன்னிப்பும் நிலமும் கையில் வைத்துக்கொண்டு. அக்டோபர் 1-க்குப் பிறகு சேர்ந்தவருக்கும் செப்டம்பர் 12-க்கு முன்பே சேர்ந்தவருக்கும் நிறைய வித்தியாசம். முன்னவர் தோற்றபின் உயிர் காத்தவர். பின்னவருக்கு வேறு காரணம் இருந்திருக்கிறது: மருதுவோடு பழைய வரப்புத் தகராறோ, அரண்மனை வாரிசு பற்றிய நம்பிக்கையோ, தொண்டைமான் சீமையில் பெண் கொடுத்த உறவோ. புதுக்கோட்டை கும்பினி பக்கம் நின்றது, எல்லைக் கிராமங்களில் சம்பந்திமார் அந்தப் பக்கம்.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று இருந்தால் இரண்டு ஜீவிதமும் எந்தப் பங்காளி வழியில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு இரண்டும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்திருந்தால், குடும்பமே பேசி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தியிருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. தனித்தனியாகவே இருந்து, இன்றும் இரு வீட்டுக்கும் குலதெய்வத்தில் தனித்தனிப் பொங்கல் என்றால் அது உண்மையான பிளவு.

'காடு வெட்டப் போனார்', 'கப்பலில் ஏற்றினார்கள்', 'ஆயுதத்தைக் கிணற்றில் போட்டார்கள்' என்ற மூன்று குடும்பக் கதைகளும் இந்தப் பக்கம் அடிக்கடி கேட்பவை. முதலாவது பெரும்பாலும் ஆகஸ்ட் வேலையைச் சுட்டும், அதாவது கும்பினிக்குக் கூலிக்கோ கட்டாயத்துக்கோ போனவர். இரண்டாவது 1802 பிப்ரவரியில் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட 73 பேரைக் குறித்தால் பட்டியலோடு ஒப்பிட்டுவிடலாம். அதில் சின்ன மருது மகன் துரைசாமியும் வேங்கன் பெரிய உடையத் தேவரும் இருந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், பின்னாளில் தோட்ட வேலைக்கு மலேயாவோ இலங்கையோ போனவர் கதை இதோடு கலந்திருக்கும். மூன்றாவது எதையும் நிரூபிக்காது. 1801 டிசம்பர் 1 அறிக்கை தென்சீமைகளில் ஆயுதம் வைத்திருப்பதையே தடுத்தது, கும்பினிக்கு உதவியவர் வீட்டு வேலும்கூடக் கிணற்றுக்குத்தான் போயிருக்கும்.

மதுரை நகரத்துக் குடும்பங்களுக்கு இதே சிக்கல் ஒரு தலைமுறை முன்னாலேயே வருகிறது. கான் சாகிப் என்ற யூசுப் கான் கும்பினியின் தளபதி, மதுரைக்கு அதிகாரி; 1763-இல் கும்பினியையே எதிர்த்தார். அவர் கீழிருந்த சிப்பாய் அன்றைக்கு எந்தக் கொடியையும் மாற்றவில்லை, கொத்தளத்தில் நின்ற இடத்திலேயே கலகக்காரன் ஆகிவிட்டான். 1764 அக்டோபர் 15-இல் கான் சாகிப் தூக்கிலிடப்பட்டதும் அதே ஆள் மறுபடி கும்பினிச் சம்பளத்துக்குப் போயிருந்தால் வியப்பில்லை. சுபானு, தாரண வருஷக் காகிதம் என்றால் இந்தச் சண்டையோடு ஒப்பிடுங்கள்.

யாருக்காக எழுதப்பட்ட காகிதம்?

பாளையக்காரர் வம்சாவளிகளும் கைபீதுகளும் (ஊர், குடும்ப வரலாற்றுக் குறிப்புகளும்) கும்பினியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் ஆட்கள் சேகரித்தவை. அவர் 1821-இல் இறந்தார். அதற்குள் பாளையங்கள் பறிபோயிருந்தன. சொன்னவர்களுக்கு, இழந்ததைத் திரும்பக் கேட்கும் ஆசை இருந்தது. அதனால் கும்பினிக்குச் செய்த உதவி நீட்டி முழக்கப்பட்டிருக்கும், கலகத்தில் நின்ற மாதங்கள் ஒரே வரியில் தாண்டிப்போகும். அந்தத் தாவலைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1947-க்குப் பிறகு அச்சான குடும்ப வரலாறுகளில் இதே கதை தலைகீழ்: கலகம் நீளும், ஜமீனிடம் வாங்கிய நிலம் காணாமல் போகும்.

பிடிபட்டவர் கொடுத்த வாக்குமூலத்தில் 'மருது மிரட்டியதால் போனேன்' என்ற வரி திரும்பத் திரும்ப வரும். தூக்குக் கயிற்றுக்கு முன் சொன்ன சொல்லை வைத்து விசுவாசத்தை அளக்க முடியாது. அதிலுள்ள ஊர், தேதி, உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பலரும் தவறவிடும் ஒரு களஞ்சியம் சிவகங்கை ஜமீன் வழக்கு. கௌரி வல்லவர் 1829-இல் இறந்தபின் வாரிசுத் தகராறு பல ஆண்டுகள் இழுத்து, 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் மகள் காத்தமா நாச்சியாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ் 9ஆம் தொகுதி, 539ஆம் பக்கம். கும்பினி கொடுத்த ஜமீன் கௌரி வல்லவரின் தனிச் சம்பாத்தியமா, அண்ணன் தம்பிக்குப் பங்குள்ள பொதுச் சொத்தா என்பது வழக்கின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று; தனிச் சம்பாத்தியம் என்று முடிவானது. 1801-இல் நடந்ததை அறுபது வருடம் கழித்து இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய மாதிரிச் சொல்லியிருப்பது அதில் தெரியும். அரண்மனை உறவு என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் தங்கள் வம்சப் படத்தை முதலில் இதோடு ஒப்பிட வேண்டும்.

ஊருக்குள் கேட்பது

"ஐயா, நம்மாளு மருது பக்கமா, வெள்ளைக்காரன் பக்கமா?" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான், அதை நீங்கள் போகாமலே சொல்லிவிடலாம். பக்கத்தைக் கேட்காமல் வழக்கத்தைக் கேளுங்கள். "அப்பத்தா, நம்ம கோயில்ல பொங்கல் வச்சதும் முதல் திருநீறு எந்த வீட்டுக்குக் குடுப்பாக?" "எந்த ஊருல நம்ம பொண்ணு எடுக்க மாட்டோம்?" "பட்டவனுக்குக் கிடா வெட்டுறது எந்த மாசம், யாரு பங்காளி?" பட்டவன் கோயில் இருந்தால் விழுந்தவர் ஒருவர் உண்டு. எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, எந்தத் திசை பார்த்து நிற்கிறது, மற்ற எந்தச் சாதியார் அங்கே பூசைக்கு வருகிறார்கள் என்று எழுதுங்கள். கோயில் மண்டகப்படி, பரிவட்டம், முதல் மரியாதை எந்த வருடத்திலிருந்து எந்தக் கரைக்கு (பங்காளிப் பிரிவுக்கு) மாறியது என்பதும் கேட்க வேண்டியது. ஜமீன் மாறியபோது மரியாதையும் கை மாறின ஊர்கள் உண்டு.

அக்டோபர் கடைசியில் போகாதீர்கள். திருப்பத்தூர், காளையார்கோயில், பசும்பொன் என்று குருபூசைகள் அடுத்தடுத்து வரும், வாகனத் தடையும் போலீஸ் கெடுபிடியும் இருக்கும், பேசுகிறவர்களும் அந்த வாரத்தில் மேடைப் பேச்சுத்தான் பேசுவார்கள். தை அறுப்பு முடிந்து மாசிக் களரிக்கு எல்லாப் பங்காளியும் குலதெய்வத்துக்கு வரும் நாள் சிறந்தது. நான்கு ஊரில் தேட வேண்டிய ஆட்கள் ஒரே மரத்தடியில் கிடைப்பார்கள்.

எழுதி வைக்கும்போது ஆளுக்கு ஒரு பக்கம் என்று வைக்காமல் வருடத்துக்கு ஒரு பக்கம் வையுங்கள். 1801-க்கு மட்டும் மாதத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு குறிப்பிலும் ஆவணத்தின் தேதி, எழுதியவர், யாருக்கு எழுதினார், அதனால் சொன்னவருக்கு என்ன கிடைக்கும், தொகுதி எண், பக்கம் ஆகியவை இருக்கட்டும். செவிவழிச் செய்தி என்றால் சொன்னவருக்கு யார் சொன்னது என்பதும் வேண்டும். இரண்டு ஆவணம் முரண்பட்டால் ஒன்றைத் தள்ளாமல் இரண்டையும் எதிரெதிரே ஒட்டி விடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பங்காளி வீட்டுக்கும் ஒவ்வொரு நகல் போகட்டும். ஒரு வீட்டுப் பெட்டியில் இருக்கும் முச்சலிக்காவும் (உறுதி எழுதிக் கொடுத்த பத்திரமும்) பாகப்பிரிவினை ஓலையும் இன்னொரு வீட்டு ஓலையின் மறுபாதியாக இருப்பது உண்டு. உங்கள் நகலில் ஊர்ப் பெயரைப் பார்த்த பிறகுதான் அதை எடுத்து வெளியே வைப்பார்கள்.